பொன்னாடை போதுமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, குமரி மாவட்டத்தில் நாம் பங்குப்பணி ஆற்றிவந்த ஊரில், பாதுகாவலர் திருவிழாவின் எட்டாம் நாள் மாலை ஒரு பாராட்டு நிகழ்ச்சி நடைபெற்றது. பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தியை மேடைக்கு அழைத்தோம். மறதிநோயால் தன்னையே மறந்துவிட்ட பாட்டியை இரண்டு ஆண்டுகளாகத் தனியொருத்தியாய் நின்று பேணிவருகிறாள் என்பதற்காகப் பங்குப் பேரவையின் துணைத்தலைவர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். நாம் ஒலிபெருக்கியின் முன் நின்று ரூத்தைப் பற்றிப் பேசினோம். "இக்கால ரூத்து இவள்" என்றோம். கைதட்டல் அடங்குவதற்குள் அவள் மேடையை விட்டு இறங்கி விரைந்து போய்விட்டாள். நாணம் போலும் என்று எண்ணிக்கொண்டோம். மறுநாள்தான் உண்மை தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அரைமணி நேரம் மட்டுமே பாட்டியைப் பார்த்துக்கொள்ள இசைந்திருக்கிறார். அந்த அரைமணியில் இருபது நிமிடத்தை நம்முடைய உரை விழுங்கிவிட்டது.

அன்று அந்தத் திடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருந்தனர். "நீ இருந்து விழாவைப் பார், மகளே, பாட்டியின் அருகில் நான் போய் இருக்கிறேன்" என்று சொல்ல ஒருவரும் எழவில்லை. நாமும் சொல்லவில்லை.

பெற்றோரைக் கைவிடும் பிள்ளைகளைச் சாடி இதுபோன்ற இதழ்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்துள்ளன. நாமும் எழுதியிருக்கிறோம், வாசகர்களும் படித்துத் தலையசைத்திருக்கிறார்கள். ஆனால் இப்போது நாம் வழக்காட முனைவது கைவிட்டவர்களோடு அன்று. பாராட்டுகிறவர்களோடுதான் நம் வழக்கு. புகழ்ச்சி என்பது சில வேளைகளில் கடனைத் தீர்த்துவிட்டதாகக் காட்டும் பொய்ச் சீட்டு. அந்தப் பொன்னாடை அத்தகைய சீட்டு என்பதே நம் குற்றச்சாட்டு. குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறவேண்டியவர் அதை ஏற்பாடு செய்த பங்குத்தந்தையே என்பதையும் மறுப்பதற்கில்லை.

மறுநாள் அவ்வீட்டுக்குச் சென்றோம். அதற்கு முன்பும் முதல் வெள்ளிதோறும் நற்கருணை எடுத்துக்கொண்டு அவ்வாசலை மிதித்ததுண்டு. ஐந்து நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போயிருப்போம். அன்று பிற்பகல் முழுவதும் இருந்தோம். தந்தை கேரளத்தில் கொத்தனார் வேலை. திங்களுக்கு ஒருமுறை வருவார். தாய் முந்திரி ஆலைக்குக் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுச் சென்றால் திரும்ப மாலை ஆறாகும். அண்ணன் கோவையில் பொறியியல் படிக்கிறான். பாட்டிக்கு நோய் முற்றியபோது, யாருடைய படிப்பை நிறுத்துவது என்று அவ்வீட்டில் எவரும் கூடிப் பேசவில்லை. பேச வேண்டிய தேவையே எழவில்லை. பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருந்த பெண் வீட்டில் நின்றுகொண்டாள். அண்ணனின் கல்லூரிக் கட்டணம் தவணை தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அவளுடைய நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டோம். நாள் என்று ஒன்று இல்லை, இரவிலிருந்துதான் சொல்லவேண்டும் என்றாள். பாட்டி இரவு இரண்டு மணிக்கு எழுந்து, விடிந்துவிட்டது, முற்றம் பெருக்கவேண்டும் என்று கதவைத் தட்டுவார். தாழ்ப்பாளை மேலே உயர்த்தி மாட்டியிருக்கிறார்கள், எட்டாவிட்டால் அழுவார். ஈரமான துணியை மாற்றப் போனால் அடிப்பார். விடிந்தபின் உறங்குவார், அப்போது இவள் துவைக்கவேண்டும், சமைக்கவேண்டும். பத்து மணிக்கு ஊட்டிய கஞ்சியைப் பதினொரு மணிக்கு மறந்து, "இந்தப் பெண் என்னைப் பட்டினி போடுகிறாள்" என்று தெருவில் போகிறவர்களிடம் முறையிடுவார். நம்பியவர்களும் உண்டு. கழுத்துச் சங்கிலியைத் தலையணைக்குள் திணித்துவிட்டு, பேத்தி திருடிவிட்டாள் என்று ஒரு நாள் ஊரையே கூட்டியிருக்கிறார்.

மாலை ஐந்து மணியானதும் நம் கண்முன்பே அது தொடங்கியது. பாட்டி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். "வீட்டுக்குப் போவோம், இருட்டப்போகிறது" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் குடியிருக்கும் வீடு அது. "இதுதானே அம்மா உங்கள் வீடு" என்று நாம் அறிவுரை கூறத் தொடங்கினோம். அவர் முகம் சிவந்தது. பேத்தி நம்மைக் கண்ணால் தடுத்தாள். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு கொல்லை வழியாகக் கிணற்றடிக்குப் போய், தென்னையைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகத் திரும்பி வந்தாள். "வீடு வந்தாயிற்று பாட்டி" என்றாள். பாட்டி நிம்மதியாகத் திண்ணையில் அமர்ந்தார். மறுத்துப் பேசினால் அச்சம்தான் பெருகும், உடன்சென்று திரும்பினால் அடங்கும் என்பதை எவரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அடிபட்டு அடிபட்டுத் தானே கண்டுகொண்டாள். ஏழு ஆண்டுகள் குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்ற நமக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இன்னொன்றையும் அன்று கண்டோம். பெற்ற மக்களின் பெயர்களை மறந்துபோன அந்த மூதாட்டி, பேத்தி செபமாலையைக் கையில் வைத்தவுடன், இளமையில் கற்ற பழைய பிரியதத்த மந்திரத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். முடித்துவிட்டுப் பேத்தியை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, பசிக்கிறது" என்றார். தன் தாய் என்றே அவளை எண்ணுகிறார். அவளும் மறுப்பதில்லை.

இந்நோய் புதியதன்று. ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டிலேயே இதன் முதன்மையான வகையை மருத்துவ உலகுக்கு விளக்கினார். மூளையின் உயிரணுக்கள் படிப்படியாக அழிவதால் வருவது இது. கிழத்தனம் அன்று, பிடிவாதம் அன்று, பேயும் அன்று. ஆயினும் அக்குடும்பத்தார் முதல் எட்டு மாதங்களைக் குணமளிக்கும் செபக்கூட்டங்களில் கழித்தனர். "முன்னோர் கட்டு" என்று அங்கே ஒருவர் தீர்ப்புக் கூறியிருக்கிறார். செபத்தை நாம் பழிக்கவில்லை. ஆனால் மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்கும் செபம் எந்த ஆவியால் ஏவப்பட்டது என்று கேட்கும் கடமை நமக்கு உண்டு. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி-12 குறைபாடு, மனச்சோர்வு, விழுந்தபின் தலைக்குள் ஏற்படும் இரத்தக் கசிவு ஆகியவையும் மறதியையும் குழப்பத்தையும் உண்டாக்கலாம். அவற்றுக்கு மருத்துவம் உண்டு. முதலில் அவை இல்லை என்று உறுதிசெய்துகொள்ளவேண்டும். அந்த மூதாட்டிக்கு வந்திருந்தது அவ்வகையன்று. இன்றுவரை குணமாக்கும் மருந்து காணப்படாத வகை.

இது எங்கோ ஒரு வீட்டின் கதை என்று வாசகர் எண்ணிவிடலாகாது. 2023-இல் வெளியான ஆய்வொன்றின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏழு பேருக்குமேல், ஏறத்தாழ 88 இலட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கின்றனர். ஒரு பங்கில் அறுபதைக் கடந்தவர்கள் 500 பேர் இருப்பின், அக்கணக்குப்படி 35 வீடுகளுக்குக் குறையாமல் இத்துயரம் இருக்கவேண்டும். எந்தப் பங்குத்தந்தையிடமாவது அந்த 35 வீடுகளின் பட்டியல் இருக்கிறதா? தலைக்கட்டு வரி செலுத்தாதோர் பட்டியல் இருக்கிறது.

இனி நம் வாதங்களுக்கு வருவோம்.

ரூத்தைப் பற்றி நாம் மேடையில் பேசியது அரைகுறையான மறையுரை. ரூத்து தானே முடிவெடுத்த வயதுவந்த பெண். திரும்பிப் போ என்று நகோமியே வற்புறுத்தியும் உடன்வந்தவள். நம் வீடுகளில் பேத்திமாரை எவரும் கேட்பதில்லை. மேலும், போவாசு ரூத்தைப் புகழ்ந்ததோடு நின்றுவிடவில்லை. அவள் பொறுக்குவதற்காகக் கதிர்களை உருவிப் போடும்படி வேலையாள்களுக்குக் கட்டளையிட்டார். வெறுங்கையோடு மாமியாரிடம் போகவிடாமல் ஆறு அளவு வாற்கோதுமையை அவளது போர்வையில் கொட்டினார். கவனியுங்கள்: போர்வையை அவர் போர்த்தவில்லை, நிரப்பினார். நாமோ வெறும் போர்வையைக் கொடுத்தனுப்பினோம். அந்தப் பொன்னாடை இப்போது பாட்டியின் படுக்கைக்குக் கீழே மடித்துக் கிடக்கிறது. நனைந்தால் உலர நேரமாகிறதாம், அதற்கும் பயன்படவில்லை.

"உன் சிலுவை இது, ஏற்றுக்கொள்" என்று அவளிடம் சொன்னவர்கள் பலர். பக்திமிக்க பெண்கள், மரியாயின் சேனையினர், உறவினர். சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலையை இவர்கள் எந்தத் தவக்காலத்தில் தாண்டிச் சென்றார்கள் என்று தெரியவில்லை. ஆண்டவரே தம் சிலுவையை முழுத் தொலைவும் தனியாகச் சுமக்கவில்லை. சீரேனே ஊர்ச் சீமோன் விரும்பி வந்தவர் அல்லர். வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் பிடித்துச் சுமக்கவைத்தார்கள். விரும்பாமல் கொடுத்த தோளும் அங்கே தோளாகத்தான் இருந்தது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் முதுகில் கிடக்கும் மரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்வதற்குப் பெயர் சிலுவை பக்தி அன்று.

பெரியப்பா ஒருவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். கொடியவர் அல்லர்; கிறிஸ்துமசுக்கும் உயிர்ப்புப் பெருவிழாவுக்கும் பணம் அனுப்புவார். அத்திருவிழாவின் ஆறாம் நாள் மின்விளக்கு அலங்காரம் அவருடைய நன்கொடை; அழைப்பிதழில் அவர் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்தது. அதே வாரத்தில் பாட்டிக்கு வேண்டிய டயபர்களை அப்பெண் மருந்துக்கடையில் கடன் சொல்லி வாங்கியிருக்கிறாள். மாற்கு நற்செய்தியின் ஏழாம் அதிகாரத்தில் ஆண்டவர் 'கொர்பான்' என்னும் வழக்கத்தைக் கண்டிப்பதை நாமெல்லாம் அறிவோம். பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் காணிக்கை என்று சொல்லிவிட்டால் பிள்ளையின் கடமை தீர்ந்தது என்று கற்பித்த மறைநூல் அறிஞரை அவர் வெளிவேடக்காரர் என்றார். அங்கே ஆண்டவரின் சினம் கற்பித்தவர்மீதும் பாய்கிறது என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். கொர்பான் என்னும் சொல்லை நாம் உச்சரிப்பதில்லை. இரசீது எழுதிக் கொடுக்கிறோம். அந்த இரசீதில் கையொப்பம் நம்முடையது.

திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தைக் காட்டி ஒரு நண்பர் நம்மோடு வாதிட்டார். கைம்பெண்ணுக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் அவர்களே முதலில் கடமையாற்றவேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டிருக்கிறதே, பேத்தி பார்ப்பதில் தவறென்ன என்றார். தவறில்லை. ஆனால் பிள்ளைகள் முதலில் வருகிறார்கள், பேரப்பிள்ளைகள் அதற்குப் பின்னர்தான். மூன்று ஆண்மக்களையும் ஒரு பேரனையும் தாண்டிவந்து பேத்தியின்மேல் விரல் வைப்பதற்கு அத்திருமுகம் இடம் தரவில்லை. அதே அதிகாரத்தில் அறுபது வயதுக்குக் குறையாத கைம்பெண்களின் பட்டியலொன்றும் பேசப்படுகிறது. தொடக்கத் திருச்சபை பட்டியல் வைத்திருந்தது! நாம் மேலே கேட்ட கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது.

"இவையெல்லாம் பெண்கள் வேலை, பாதர்" என்று பேரவைக் கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது திருத்தூதர்கள் யாரைத் தேடினார்கள்? நற்சான்று பெற்ற ஆண்கள் எழுவரை. ஸ்தேவான் பீடத்தில் நிற்பதற்காக அன்று, பந்தியில் பரிமாறத்தான் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டார். நம் பங்குகளில் கொடிக்கம்பம் நடவும் தேர் இழுக்கவும் முந்நூறு ஆண்கள் வருகிறார்கள். மூதாட்டியைத் தூய்மைப்படுத்தும் வேலை பெண்களுக்கே உரியது என்று வைத்துக்கொண்டாலும், திண்ணையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அவர் தெருவுக்கு இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எந்தத் தகுதி வேண்டும்?

"அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பங்களில் இப்படி எவரும் முறையிட்டதில்லையே" என்பாரும் உளர். அந்தக் காலத்தில் எண்பதைத் தொட்டவர் அரியர். தொட்டவரைச் சுற்றி மருமகள்களும் மகள்களும் நால்வராவது இருந்தனர். அவர்கள் முறையிட்டபோது கேட்கவும் ஆளில்லை. "அப்படியானால் முதியோர் இல்லத்தில் தள்ளச் சொல்கிறீரா" என்பது அடுத்த கேள்வி. இல்லத்தில் சேர்ப்பதே பாவம் என்று நாம் கருதவில்லை. ஆனால் நாம் கேட்டுப்பார்த்த இல்லங்கள், எழுந்து நடமாடி வழிதவறும் மறதிநோயாளரைச் சேர்க்க இயலாது என்று கைவிரித்துவிட்டன. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. அதன்படி வயதுவந்த பேரன் பேத்தியரும் 'பிள்ளைகள்' என்பதில் அடங்குவர். மாதம் 10,000 ரூபாய்க்கு மேற்படாமல் பராமரிப்புத் தொகை விதிக்க அது வழிவகுத்தது. பணத்தைச் சட்டம் வாங்கித் தரும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவருகே போக ஓர் ஆளை அது வாங்கித் தராது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிசு, 2021-இல் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தினார். ஜூலைத் திங்களின் நான்காம் ஞாயிறு அதற்குக் குறிக்கப்பட்டது. நம் பங்கிலும் கொண்டாடினோம். நடக்க முடிந்தவர்கள் வந்தார்கள். முன்வரிசையில் அமரவைத்துத் துண்டு கொடுத்தோம். வர இயலாதவர்களின் பெயர்கள் மன்றாட்டில்கூட வாசிக்கப்படவில்லை. அப்பெண்ணின் பாட்டிக்கோ, சில மாதங்களாக நற்கருணையும் நின்றுபோயிருந்தது. ஒருமுறை துப்பிவிட்டாராம், அவமதிப்பு நேரும் என்று அஞ்சி, நமக்கு உதவியாக நற்கருணை கொண்டுசெல்பவர் அவ்வீட்டை விட்டுவிட்டார், நாம் விசாரிக்கவில்லை. மனவளர்ச்சி குன்றியோருக்கும், அவர்களோடு உடன்நிற்கும் குடும்பத்தின் அல்லது சமூகத்தின் விசுவாசத்தில் நற்கருணை வழங்கவேண்டும் என்று திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2007-ஆம் ஆண்டின் திருத்தூது ஊக்கவுரையில் தெளிவாகக் கூறியிருக்கிறார். மறதியில் அமிழ்ந்தோருக்கும் அது பொருந்தும் என்பதில் நமக்கு ஐயமில்லை. சிறு துணுக்காகத் தண்ணீரோடு கொடுத்தோம், விழுங்கினார்.

நாம் விடைபெறும்போது வாசலில் நின்று அப்பெண் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "பாதர், ஓராண்டாக ஞாயிறு பூசைக்கு வர முடியவில்லை. சாவான பாவம் என்று மறைக்கல்வியில் படித்தேன். அப்படித்தானா?" நோயோ குழந்தைப் பராமரிப்போ போன்ற தக்க காரணம் இருப்பின் அக்கடமை கட்டுப்படுத்தாது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது. அதை அவளுக்குச் சொன்னோம். ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஞாயிறு பூசையைப் புறக்கணிக்கும் இளைஞர் இளம்பெண்களைக் குறித்து நாம் பீடத்தில் நின்று கடுமையாகப் பேசியிருந்தோம்; ஒலிபெருக்கி அவ்வீட்டுத் திண்ணைவரை கேட்கும். அவளைக் கருதிப் பேசவில்லை என்பது உண்மைதான். அவளைக் கருதிப் பார்க்காமலே பேசினோம் என்பதும் உண்மை.

அவ்வாண்டு இறுதியில் பெரியப்பா விடுப்பில் வந்தார். அவளைக் கல்லூரிக்குச் சென்று விசாரித்துவிட்டு வரச் சொல்லி, தாயைத் தாமே பார்த்துக்கொள்ளும்படி நாம் கேட்டோம். சற்றுக் கடுமையாகவே கேட்டோம் என்று நினைவு. நான்காம் நாள் காலை பங்குத்தந்தை இல்லத்துக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. "மூன்று இரவு தூங்கவில்லை, பாதர். இவள் இரண்டு ஆண்டாகவா இப்படி?" என்றார். அதன்பின் அவர் அடுத்த ஆண்டின் மின்விளக்கு நன்கொடையை நிறுத்திக்கொண்டு, பகலில் தாயைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மாளைச் சம்பளத்துக்கு அமர்த்தினார். திருவிழாக் குழுவினருக்கு நம்மீது வருத்தம். கல்லூரியில் விட்ட இடத்திலிருந்து தொடர இயலாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் தொலைநிலைக் கல்வியில் மீண்டும் முதலாண்டில் சேர்ந்தாள்.

சம்பளத்துக்கு வரும் அம்மாள் மூன்று மணிக்குப் போய்விடுவார். மூன்று முதல் ஆறு வரை, பாட்டி வீட்டைத் தேடிப் புறப்படும் அந்த நேரத்துக்கு, அன்பியங்களிலிருந்து நாளுக்கு ஒருவராக வரும்படி பேரவையில் கேட்டோம். கிழமைகளின் பெயரெழுதி ஒரு தாளைக் கோவில் முகப்பில் தொங்கவிட்டோம். வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த முதியவர் ஒருவர் திங்களை எடுத்துக்கொண்டார். புதன், வெள்ளி, சனி ஆகியவற்றுக்குப் பெண்கள் வந்தார்கள். மூவருமே ஐம்பதைக் கடந்தவர்கள். அவர்களுள் ஒருவர் அந்தப் பக்கத்து வீட்டு அம்மாள். ஞாயிறன்று தந்தையோ தாயோ இருப்பார்கள். நாம் மாற்றலாகிப் புறப்பட்ட நாளில், அடுத்த திருவிழாவுக்கான வாணவேடிக்கை நன்கொடைப் பட்டியல் அதே பலகையில் நிறைந்துவிட்டிருந்தது. அதனருகில் தொங்கிய தாளில் செவ்வாயும் வியாழனும் காலியாகவே இருந்தன.